சாரை குடியிருந்த கொல்லை

1977ஆம் வருடம் ஏப்ரல் மாதம் இருபதாம் தேதி, புதன்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. இரவு முழுக்கக் காற்றில்லாமல் புழுங்கியது. விடிந்த பிறகும் வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. எங்கள் வீட்டில் அப்போது கடிகாரம் கிடையாது. ஆனால் கும்மிடிப்பூண்டியிலிருந்து பட்டணம் போகும் ரயில் ஆறு முப்பத்தெட்டுக்கு எங்கள் ஊரைக் கடக்கும். அதன் ஊதல் அடங்கியதிலிருந்து நூற்றிருபது வரை எண்ணி முடித்த நேரத்தில்தான் வெண்டைப் பாத்தியில் அந்த இரண்டு பாம்புகளையும் பார்த்தேன். ரயில் சில நாள் தாமதமாக வரும். ஆகவே ஐந்து நிமிடம் முன்பின் இருக்கலாம். நாற்பத்தெட்டு வருடத்துக்கு மேலாக அந்த ஐந்து நிமிடம் என்னை உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

எனக்கு அப்போது பதினோரு வயது. கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும் வழக்கம் அப்போதே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக் கூரையில் எத்தனை ஓடு, கூட்ஸ் வண்டியில் எத்தனை பெட்டி என்று எண்ணாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் எங்கள் கொல்லையில் என்னென்ன இருந்தன என்று இன்றைக்கும் என்னால் பிசகாமல் சொல்ல முடியும்.

ஊர், மீஞ்சூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில். வீட்டின் பின்னால் ஒன்பது சென்ட் கொல்லை. அதற்கு முந்திய வருடம் வரை ஊருக்குக் கிழக்கே ஓர் ஏக்கர் எழுபது சென்ட் நஞ்சையும் எங்களுக்கு இருந்தது. தொழிற்சாலைகள் வருவதற்காக அதையும் சுற்றியிருந்த நிலங்களையும் எடுத்துக்கொண்டார்கள். எடுத்த நிலத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, புல்டோசர் விட்டு வரப்பையெல்லாம் நிரவினார்கள். நிலம் கொடுத்த வீட்டில் ஒருவருக்கு வேலை என்று சொல்லியிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் அந்த ஒருவர் அண்ணன்தான். அவருக்கு இருபது வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தார். நிலம் போன மறுமாதமே நிலத்தில் செய்ததையெல்லாம் கொல்லையில் செய்ய ஆரம்பித்தார். கத்தரி இருபத்து நான்கு செடி. வெண்டை மூன்று பாத்தி. பந்தலில் பாகலும் புடலையும். புடலம்பிஞ்சு நேராக வளர வேண்டும் என்று ஒவ்வொன்றின் நுனியிலும் நூலில் ஒரு கல் கட்டித் தொங்கவிட்டிருப்பார். அந்த ஏப்ரலில் பதினேழு கல் தொங்கின. வேலியோரம் வெள்ளரி. கிணற்றிலிருந்து ஒரு நாளைக்கு அறுபது குடம் தண்ணீர் இறைத்து ஊற்றுவார். மாசியில் அந்த அறுபதுக்கு ஒரு மணி நேரம் ஆகும். சித்திரையில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டதால் இரண்டு மணி நேரம் ஆயிற்று.

வரப்பை நிரவியதும் அங்கே குடியிருந்ததெல்லாம் ஊருக்குள் வந்துவிட்டது. முதலில் வயலெலிகள் வந்தன. எலிகளுக்குப் பின்னால் ஒரு கீரி, இரண்டு குட்டிகளுடன். செம்போத்து ஒரு ஜோடி. கத்தரியில் ஒன்பதாவது செடியில் ஒரு தையல்சிட்டு இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்து மூன்று முட்டை இட்டிருந்தது. அந்தச் செடியில் மட்டும் காய் பறிக்கக் கூடாது என்பது அண்ணனின் உத்தரவு. அந்தக் காய்கள் முற்றிப் பழுத்து மஞ்சளாகத் தொங்கும். அம்மா பார்த்துப் பார்த்து வயிறெரிவாள்.

“எலிக்கு, பாம்புக்கு, கீரிக்கு, குருவிக்கு, அல்லாத்துக்கும் ரேசன் கார்டு வாங்கிக் குட்த்துடு. நாம இருக்கிற நாலு பேரு கஞ்சி குட்ச்சிக்கினு கெடக்கலாம்” என்பாள்.

அண்ணன் குடத்தைச் சாய்த்துக்கொண்டே, “அதுங்களுக்கும் நெலம் போச்சில்லம்மா. எங்க போவும்?” என்பார்.

எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது சாரை. கிணற்றை ஒட்டியிருந்த கல்குவியலில் குடியேறியது. ஐந்து முழ நீளம் இருக்கும். வாலில் நான்கு விரற்கடை இல்லை. புல்டோசரில் மாட்டி அறுந்திருக்கும் என்று அண்ணன் சொன்னார். அது வந்த பிறகு எலி குறைந்தது. அதற்கு முன் வாரத்துக்கு ஆறேழு செடி வேரறுந்து சாயும். அது வந்தபின் பங்குனி மாதம் முழுவதும் சாய்ந்தது ஒன்றுதான். வெயில் ஏறிய பிறகு அது வெண்டைப் பாத்தியில் உலாவும்.

“பத்து மணிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் அதுக்கு டூட்டி. அந்த நேரத்துல நீ உள்ள போவாத. உன் டைம்ல அது வராது, அது டைம்ல நீ போவக்கூடாது” என்று அண்ணன் எனக்குச் சொல்லி வைத்திருந்தார். அந்தப் புதன்கிழமை காலை தவிர, அந்த ஒப்பந்தத்தைச் சாரை ஒரு நாளும் மீறியதாக எனக்கு நினைவில்லை.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு இந்தக் கொல்லையைக் கண்டாலே ஆகாது. அவரும் முப்பது வருடம் ஏர் பிடித்தவர்தான். நிலம் போன பிறகு அவர் மண்வெட்டியைத் தொட்டுப் பார்த்ததில்லை. தினமும் காலையில் டீக்கடைக்குப் போய், எந்த வீட்டுப் பையனுக்கு நேர்காணல் கார்டு வந்தது, எந்த ஆலையில் எடுத்துக்கொண்டார்கள் என்று விசாரித்துக்கொண்டு வருவார். ஏப்ரல் பதினொன்றாம் தேதி எங்களுக்கும் அந்தக் கார்டு வந்தது. இருபத்தொன்றாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு நேர்காணல். பழைய இரும்பை உருக்கும் ஆலை.

அன்று சாயங்காலம் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார். “ஏரிக்கு அந்தாண்ட எம்பது சென்ட்டு குத்தகைக்குத் தர்றன்றாங்க நைனா. கெணறு கீது.”

நைனா கார்டை மடியிலிருந்து எடுத்து மறுபடி படித்தார். பிறகுதான் நிமிர்ந்தார். “குத்தகையா? சொந்த நெலத்துல ஏர் ஓட்னவன் எவன் நெலத்துலயோ குத்தகைக்கு சேறு மெரிப்பானா? ஊரே சிரிக்கும்டா. ஊட்டுக்கு ஒர்த்தனுக்குத்தான் வேலன்னு சொல்லிக்கீறான். இந்தத் தபா உட்டா இன்னொரு தபா எவனும் கூப்ட மாட்டான். போய் வேலய வாங்கிக்கினு வா.”

“வேல கெடைக்கலன்னா?”

“கெடைக்கலன்னா உன் இஷ்டம். சாணி மெரி, சேறு மெரி, நான் கேக்கல.”

அண்ணன் சரி என்று தலையாட்டினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. எனக்குப் பட்டதெல்லாம், அண்ணனுக்கு வேலை கிடைத்தே ஆக வேண்டும் என்பதுதான். ஆலைக்குப் போகிறவர்களுக்குக் காக்கி உடுப்பும் பூட்ஸும் கொடுப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள்.

பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் தம்பி வந்தார். எனக்கு மாமா. திருப்பாச்சூர் பக்கம் விவசாயம். சாரையைப் பற்றி நான் சொன்னதும் அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு, “மாப்ள, அது நல்லபாம்போட பிணையுறத எப்பனா பாத்தா உட்றாத” என்றார்.

“பாத்தா இன்னா மாமா?”

“கோடித் துணி ஒண்ணு எட்த்தாந்து மேல போட்றணும். வெள்ளத் துணியா இருக்கணும், தண்ணி படாததா இருக்கணும். போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடு. அதுங்களே பிரிஞ்சி போனப்புறம் அந்தத் துணிய எட்த்து மடிச்சிப் பொட்டில வெச்சா, மனசுல இன்னா நெனச்சிக்கினு போட்டியோ அது நடக்கும். எங்கூர்ல ஒர்த்தருக்குப் பதினாலு வருசமா இழுத்துக்கினு இருந்த கேசு, துணி போட்ட மூணாம் மாசம் ஜெயிச்சிடுச்சி.”

“அதுங்க போறதுக்கு முன்னாடி துணிய எட்த்துட்டா?”

“எட்த்துட்டா ஒண்ணும் இல்ல. வெறுந்துணிதான்.”

அம்மா உள்ளேயிருந்து, “பையங்கிட்ட இன்னாத்த சொல்லிக்கினு கீற?” என்று அதட்டினாள். மாமா சிரித்தார். மறுநாள் ஊருக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை காலைக்கு வருகிறேன். அண்ணன் எருவுக்காகக் கூடையை எடுத்துக்கொண்டு மாட்டுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார். நைனா டீக்கடையில். அம்மா அடுப்படியில். நான் வெள்ளரிப் பிஞ்சு எத்தனை என்று எண்ணுவதற்காகக் கொல்லைக்குப் போனேன். வெண்டைப் பாத்தியில் இரண்டு பாம்புகள் ஒன்றையொன்று கயிறு முறுக்கியது போலச் சுற்றிக்கொண்டு, என் இடுப்பு உயரத்துக்கு எழும்பி நின்றன. எழும்பும், சாயும், மறுபடி எழும்பும். துளி சத்தம் இல்லை. வெண்டைச் செடிகள் மட்டும் சரசரவென்று ஆடின.

அவை இரண்டும் சாரைகள், இரண்டுமே ஆண், ஓரிடத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன என்பது எனக்குத் தெரிய இன்னும் முப்பது வருடம் ஆயிற்று. ஒரு புத்தகத்தில் படித்தேன். பதினோரு வயதில் ஒன்று சாரை, ஒன்று நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாமா சொன்னது என் கண்முன் நடந்துகொண்டிருந்தது. நேர்காணலுக்கு இன்னும் இருபத்தேழு மணி நேரம்.

உள்ளே ஓடினேன். வீட்டில் வெள்ளைத் துணி என்றால் நைனாவின் வேட்டி இரண்டு. இரண்டும் துவைத்துத் துவைத்துப் பழுப்பேறியவை. தண்ணீர் படாத வெள்ளைத் துணி வீட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. மீஞ்சூர் தையல்காரர் முந்தின நாள் இரவுதான் கொடுத்திருந்தார். நாளை நேர்காணலுக்குப் போட்டுக்கொண்டு போவதற்கான அண்ணனின் சட்டை. செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தது. எடுத்தேன். அண்ணனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று மூன்று தடவை மனசுக்குள் சொல்லிக்கொண்டு பாம்புகளின் மேல் வீசினேன்.

திரும்பிப் பார்க்காமல் வரச் சொல்லியிருந்தார் மாமா. பத்தடி வந்து திரும்பிப் பார்த்துவிட்டேன். சட்டை மேலே விழுந்ததும் முறுக்கு அவிழ்ந்துவிட்டது. ஒன்று வேலிக்குள் புகுந்து போய்விட்டது. மற்றது எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் சட்டைக் கைக்குள் தலையை நுழைத்துச் சிக்கிக்கொண்டது. சட்டை தானாக நகர ஆரம்பித்தது. கழுத்துப்பட்டை முன்னால், இரண்டு கைகளும் பக்கவாட்டில், ஆள் தவழ்வது போல அது பாத்தியை விட்டு அடுப்படிப் பக்கம் வந்தது.

சாம்பல் கொட்ட வெளியே வந்த அம்மா போட்ட கூச்சலில் தெருவே வந்துவிட்டது. நைனா டீக்கடையிலிருந்து ஓடிவந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கையில் உலக்கைக் கனத்தில் ஒரு சவுக்குக் கட்டையுடன் வந்தார். அதற்குள் சட்டை துணி துவைக்கிற கல்லின் மேல் மாட்டி நின்றுவிட்டது. உள்ளே இருப்பது மட்டும் நெளிந்துகொண்டிருந்தது.

“பிணையல் போட்டுக்கினு இருந்திச்சாம்” என்று யாரோ என்னிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டதை எல்லாருக்கும் சொன்னார்கள்.

நைனா என் தோளைப் பிடித்து உலுக்கினார். “டேய், நீதான பாத்த? உள்ள கீறது சாரையா, நல்லதா?”

சட்டையின் அடிப்பக்கத்தில் ஒரு முழம் வால் வெளியே கிடந்தது. அதன் நுனி மொட்டையாக இருந்தது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இந்த வயதில் சொல்லி எனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

நான் கணக்குப் போட்டேன். சாரை என்று சொன்னால், ப்பூ, சாரைதானா என்று நைனா குச்சியால் சட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவார். பாம்பு தானாகப் போவதற்கு முன் துணியை எடுத்ததாகிவிடும், வெறுந்துணி. நல்லபாம்பு என்று சொன்னால் யாரும் கிட்டே போக மாட்டார்கள். அம்மா புற்றுக்குப் பால் ஊற்றுகிறவள், கன்னத்தில் போட்டுக்கொள்வாள். எல்லாரும் ஒதுங்கி நிற்பார்கள். சாரை மெதுவாகச் சட்டையை விட்டு வெளியே போகும். சாரையும் பிழைக்கும், அண்ணனுக்கு வேலையும் கிடைக்கும். அதுவரை என் கணக்கு எதுவும் தப்பியதில்லை.

“நல்லது” என்றேன். “படம் எட்த்துச்சி.”

அம்மா நான் நினைத்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நைனா நான் நினைத்தபடியே இரண்டடி பின்வாங்கி, “நல்லதுன்னா பாவம்யா. உட்ரு. தானா பூடும்” என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் கேட்கவில்லை. “பாவம் பாத்துக்கினு இருந்தா ராத்திரி எவன் ஊட்டுப் புள்ள காலப் புடிக்கும்? எம்பேத்தி தவழ்றா. தள்ளுய்யா” என்றார்.

கட்டையால் பதினான்கு அடி. ஆறாவது அடிக்குப் பிறகு நெளிவு இல்லை. மிச்சம் எட்டும் பயத்துக்காக அடித்தது.

எருக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அண்ணன் வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். கூடையை இறக்கிவைத்துவிட்டு, கட்டையை வாங்கிச் சட்டையை விலக்கினார். குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

“இது நம்ம ஊட்டுது” என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர், “நல்லதுன்னு ஒன் தம்பிதாம்பா சொன்னான்” என்றார்.

அப்போதுதான் நைனாவுக்குத் துணியின் மேல் கண் போயிற்று. “இது இன்னா துணி? டேய், இது நாளைக்குப் போட்டுக்கினு போற சட்டடா!” என்று கையை ஓங்கிக்கொண்டு என்மேல் வந்தார். மாமா சொன்னது, நான் நினைத்தது, மூன்று தடவை வேண்டிக்கொண்டது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அழுதுகொண்டே கொட்டினேன்.

அண்ணன் நடுவில் வந்து நின்றார். “உடு நைனா. எனக்காவத்தான பண்ணிக்கீறான்.”

கூட்டம் கலைந்த பிறகு அவர் கல்குவியலுக்குப் பக்கத்திலேயே இரண்டடிக் குழி தோண்டினார். மண்ணைத் தள்ளும்போது என்னைப் பார்க்காமலே, “வால பாத்தியாடா?” என்று கேட்டார். நான் கல்குவியலில் இருந்த கற்களை எண்ண ஆரம்பித்தேன். அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

அம்மா சட்டையை மூன்று தடவை சோப்புப் போட்டுத் துவைத்தாள். தண்ணீர் பட்டால் போச்சு என்று நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து இரண்டு அறை வாங்கினேன். சட்டைப் பைக்கு நேர்கீழே, எட்டணாக் காசு அகலத்துக்கு ஒரு கறை போகவே இல்லை. துருப்பிடித்த நிறத்தில் நின்றது. நைனா தெருத்தெருவாகப் போய் அண்ணன் உயரத்துக்கு ஒரு வெள்ளைச் சட்டை இரவல் வாங்கி வந்தார்.

மறுநாள் காலை அண்ணன் இரவல் சட்டையைத் தொடவில்லை. கறைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

“இன்னாடா இது, பேஜாரு பண்ற? அழுக்குச் சட்டையப் போட்டுக்கினு போனா எவன்டா வேல குடுப்பான்?” என்று நைனா கத்தினார்.

“அடுத்தவன் சட்ட எனக்கு வேணாம் நைனா. இதுவே போதும்” என்றார் அண்ணன். அவ்வளவு பிடிவாதமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. நான் வேண்டிக்கொண்டு போட்ட துணி என்பதற்காகத்தான் அதைப் போட்டுக்கொள்கிறார், நான் செய்ததை வீணாக்கக் கூடாது என்று நினைக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. வெகு காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவிடம் தண்ணீர் கேட்டார். நைனா எழுந்து நின்றிருந்தார்.

“இன்னா ஆச்சு?”

“கூப்டாங்க. உள்ள நாலு பேரு உக்காந்துக்கினு இருந்தாங்க. நடுவுல இருந்தவரு, ‘சட்டையில் என்ன கறை’ன்னாரு.”

“நான் அப்பவே தலதலயா அட்ச்சிக்கினேன்!”

“பாம்பு ரத்தம்னேன். பாம்பு எப்படி வந்ததுன்னு கேட்டாரு. அது எங்க ஊட்லதான் கீது சார், கொல்லையில, ஒண்ணாத்தான் பொழங்கறோம்னேன். ‘பயமா இல்லையா’ன்னாரு. இல்லன்னேன்.” அண்ணன் தண்ணீரைக் குடித்து முடித்தார். “நாலு பேரும் ஒர்த்தர ஒர்த்தர் பாத்துக்கினாங்க. ‘இவனை ஃபர்னஸில் போடலாம், பயமில்லாதவன்’னு எழுதிக்கினாங்க. மே ரெண்டாந்தேதி வரச் சொல்லிட்டாங்க.”

ஃபர்னஸ் என்றால் உலை. கொல்லையில் பாம்போடு ஒன்பது சென்ட்டைப் பங்கு போட்டுக்கொண்டவனுக்கு உலைக்கு முன்னால் நிற்கும் தைரியம் இருக்கும் என்று அந்த நான்கு பேரும் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

நைனா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். ஐந்து வயதுக்குப் பிறகு அவர் என்னைத் தூக்கியது அன்றுதான். “மாமன் சொன்னது பலிச்சிடுச்சிடா!” என்றார். மாமாவுக்குக் கடிதம் போட்டார். தெருவில் நான் இருபது நாள் ராஜாவாக நடந்தேன். துணி போட்டு அண்ணனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன். என்னைவிடப் பெரிய பையன்கள் வந்து எப்படிப் போட்டாய் என்று விசாரித்தார்கள்.

கொல்லையில் நான்காம் நாளே எலி வந்துவிட்டது. முதல் இரவு கத்தரி மூன்று செடி. அடுத்த இரவு ஐந்து. ஏப்ரல் முடிவதற்குள் இருபத்து நான்கில் ஒன்பது மிஞ்சின. தையல்சிட்டு தைத்த செடியும் சாய்ந்தது. குஞ்சு பொரித்திருந்ததா என்று எனக்குத் தெரியாது, கூட்டில் ஒன்றும் இல்லை. வெள்ளரிப் பிஞ்சு ஒன்றுகூட முழுசாக இல்லை. நான் தினமும் எண்ணி அண்ணனிடம் சொல்வேன். அவர் கேட்டுக்கொள்வார். சாய்ந்த செடிகளைப் பிடுங்கி ஓர் ஓரமாகப் போட்டுவிட்டு, வழக்கம் போல அறுபது குடத்தையும் இருந்த செடிகளுக்கு ஊற்றினார்.

மே ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் அவர் வேலைக்குப் போக வேண்டும். காலையில் கொல்லைக்குப் போனபோது அண்ணன் மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். மாடுகளை விற்ற பிறகு அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. தென்னங்கீற்றால் நிழல் போட்டு, கம்பி வலையைச் சுற்றிலும் பதித்து, அங்கே ஒரு நாற்றங்கால் வைத்திருந்தார். வலை இருந்ததால் எலி தொடவில்லை. கத்தரி நாற்றும் மிளகாய் நாற்றும் ஒரு சாண் உயரத்துக்குப் பச்சென்று நின்றன.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு நாளும் என் எண்ணிக்கைக்குத் தப்பிய ஒன்று அந்தக் கொல்லையில் இருந்திருக்கிறது.

“எதுக்குண்ணா இம்மாம் நாத்து? நம்ம கொல்லையில எங்க நட்றது?”

“சும்மா போட்டேன்” என்றார். “எண்ணிச் சொல்லு, பாக்கலாம்.”

அவர் ஈர மண்ணோடு ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கொடுத்தார். நான் எண்ணி ஈரச் சாக்கில் அடுக்கினேன். கத்தரி எண்ணூற்று முப்பது. மிளகாய் ஆயிரத்து நூற்று அறுபத்தைந்து. இரண்டு கூடை நிறைந்தது. சைக்கிளில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் கட்டி, ஏரிக்கரைப் பாதையில் தள்ளிக்கொண்டு போனார். நானும் கரை வரைக்கும் கூடவே ஓடினேன்.

“யாருக்குண்ணா குடுக்கப் போற?”

“நெலம் வெச்சிருக்கிறவனுக்கு” என்றார். “நீ ஊட்டுக்குப் போ. வெயிலு.”

கரையில் நின்று பார்த்தேன். ஏரிக்கு அந்தாண்டை ஒரு கிணற்று மேட்டில் சைக்கிளை நிறுத்தினார். ஓர் ஆள் வந்து கூடைகளை இறக்கிக்கொண்டார். அண்ணன் உடனே திரும்பவில்லை. வரப்பில் இறங்கி நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றி நடந்தார். என்னால் முடிந்தவரை அவர் காலடிகளை எண்ணினேன். இருநூறுக்கு மேல் தூரத்தில் சரியாகத் தெரியவில்லை. நாளைக்குக் காக்கி உடுப்பு போடப்போகிறவர் எதற்காக வெயிலில் யாருடைய வரப்பிலோ நடக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அண்ணனுக்கு வேலை கிடைத்தது என் துணியால்தான் என்று அவரிடம் இன்னொரு முறை சொல்லிப் பாராட்டு வாங்கலாம் என்று கரையில் காத்திருந்தேன்.

வேலை கிடைக்கவில்லை என்றால் உன் இஷ்டம் என்று நைனா சொல்லியிருந்ததும், இரவல் சட்டையை வேண்டாம் என்று கறைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனதும், ஏரிக்கு அந்தாண்டை அந்த எண்பது சென்ட்டுக்கென்று நாற்று விட்டு வைத்திருந்ததும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று அந்தக் கரையில் நின்ற எனக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது கேட்டுச் சரிபார்க்க அண்ணன் இல்லை.

உலைக்கு முன்னால் அவர் நின்றது பத்தொன்பது வருடம், நான்கு மாதம், பதினோரு நாள். கடைசி இரண்டு வருடம் இருமிக்கொண்டே போய்வந்தார். இறந்தபோது நாற்பது வயது முடியவில்லை. கொல்லையில் ஒன்பது சென்ட் அப்படியே கிடந்தது. அந்தப் பத்தொன்பது வருடத்தில் அவர் அதில் போட்ட விதை, நான் எண்ணியவரை, ஒன்றுமில்லை.